வாசகர் கேள்வி – பதில்: டாம் பெரி மீனின் வயது

கேள்வி: காவடி விரதம் முடிந்தபின் மீன் வாங்கச் சென்றபோது, கடைக்காரர் பெரிய டாம் பெரி ஒன்றைக் காட்டி, 'இதற்கு இருபது வயதாவது இருக்கும், ஆண் மீன்' என்றார். மீனின் வயதை எப்படி அறிவது? பெரியவை எல்லாம் ஆண்கள்தாமா? (ஒரு வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்)

பதில்: அவர் கூறியது நடக்கக்கூடியதே. ஆனால், உருவத்தை மட்டும் பார்த்து வயதைச் சொல்லிவிட முடியாது. தமிழகக் கரைகளில் விளைமீன் என்று வழங்கும் இனத்தைச் சேர்ந்த டாம் பெரி, இளமையில் விரைந்து வளர்ந்து, முதிர்ச்சி அடைந்தபின் மிக மெதுவாகவே நீள்கிறது. ஆகவே, ஒரே நீளமுள்ள இரண்டு மீன்களுள் ஒன்று மற்றதைவிடப் பல ஆண்டுகள் மூத்ததாக இருக்கலாம்.

வயதை அறிய ஆய்வாளர்கள் நாடுவது மீனின் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லை. சுண்ணச்சத்தாலான அந்தச் சிறு கல்லைப் பிசினில் பதித்து, நடுவே மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்ற கோடுகள் தெரியும். ஒவ்வொரு வளையமும் ஓர் ஆண்டுக்குரியதுதானா என்பதையும் சோதிக்க வேண்டும். அதற்காக, உயிருள்ள மீனுக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்தை ஊசியால் செலுத்திக் கடலில் விட்டுவிடுகிறார்கள். அம்மருந்து செவிக்கல்லில் படிந்து புற ஊதா ஒளியில் ஒளிரும் என்பதால், அதே மீன் மீண்டும் பிடிபடும்போது, ஒளிரும் கோட்டுக்கு வெளியே உள்ள வளையங்களை இடைப்பட்ட காலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. செதில்களிலும் வளையங்கள் உண்டு. முதிய மீன்களில் அவை நெருங்கிப் போவதால், வயதைக் குறைத்துக் காட்டிவிடும். செவிக்கல்லை எண்ணியபோது, டாம் பெரி 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும் என்பது தெரியவந்தது.

இனி, ஆண் பெண் செய்தி. இவ்வினத்தில் பெண்ணாக முதிர்ந்த மீன்களுள் சில பின்னர் ஆணாக மாறுகின்றன; அப்படி மாறிய மீனின் விந்தகத்தை அறுத்துப் பார்த்தால், முன்பு சினைப்பையாக இருந்ததன் உள்வெளி அதில் எஞ்சியிருப்பதைக் காணலாம். எல்லாப் பெண்களும் மாறுவதில்லை என்பதால், பெரியவற்றுள் ஆண்கள் மிகுதி என்று சொல்லலாமே தவிர, அனைத்தும் ஆண்கள் என்று சொல்லலாகாது.

கேள்வி: அக்டோபர் முதல் நாளிலிருந்து பிப்ரவரி இறுதிவரை பெருவலைக்குத் தடை இருக்கிறதே, அது இம்மீனைக் காக்காதா? (ஒரு வாசகர், மாஹேபூர்)

பதில்: போதிய அளவுக்குக் காக்காது. நம் சந்தைக்கு உறைநிலையில் வரும் டாம் பெரியில் பெரும்பகுதி சாயா தெ மால்யா, நாசரேத் போன்ற தொலைதூரக் கடல்திட்டுகளில் கைத்தூண்டிலால் பிடிக்கப்படுவது. வலைத்தடை அங்கே பயன்படாது. பெரியவற்றையே தேடிப் பிடித்தால் ஆண்கள் அருகுவர். சிறியவற்றையே பிடித்தால் ஒருமுறைகூட முட்டையிடாத பெண்கள் அழிவர். எனவே, பிடிக்கத்தக்க குறைந்த அளவை மட்டும் வகுத்தால் போதாது, பெரிய மீன்களில் ஒரு பங்கையும் கடலிலேயே விட்டுவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.