மாடியில் காய்த்த பல வகை மிளகாய்களைத் தக்காளியோடு நறுக்கிப் போட்டு சல்சா செய்து, ஃப்ரிட்ஜ் இல்லாமல் பாட்டிலில் மாதக்கணக்கில் வைக்க முடியுமா?

முடியும். கோவையில், வடவள்ளிப் பக்கம் எங்கள் வீட்டில் வருடா வருடம் செய்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் முறையில் முடியாது.

ஹாலபினோ, ஹாபனேரோ, காந்தாரி, பஜ்ஜி மிளகாய் எல்லாம் ஒரே சமயத்தில் காய்த்துவிட்டன, தக்காளியும் மலிவு, தொக்கு மாதிரி வதக்கி மேலே எண்ணெய் ஊற்றி மூடி வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்கனவே இரண்டு பேர் "தாராளமாகப் போதும், காரம் அதிகம் இருந்தால் கெடவே கெடாது" என்று பதில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா போக மனம் வரவில்லை.

காரத்துக்கும் கெடாமல் இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. மிளகாயைக் கடித்தால் எரியும், புளிக்காது. பாட்டிலைக் காப்பாற்றுவது புளிப்பு. நம் நாக்கில் சூட்டை உணரும் நரம்பை மிளகாயில் இருக்கும் கேப்சைசின் தூண்டிவிடுகிறது, அதைத்தான் காரம் என்கிறோம். அந்த கேப்சைசினை வைத்துத்தான் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் இந்த உணர்வின் வாசலைக் கண்டுபிடித்து 2021இல் நோபல் பரிசு வாங்கினார். கிருமிக்கு நாக்கும் இல்லை, அந்த நரம்பும் இல்லை.

பயப்பட வேண்டிய கிருமியின் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். மண்ணில் வாழ்வது. அதன் வித்துகள் சாதாரணமாகக் கொதிக்கும் தண்ணீரில் சாவதில்லை, அழுத்தத்தில் 121 டிகிரி வரை சூடு ஏற வேண்டும். காற்று இல்லாத, புளிப்புக் குறைந்த, ஈரமான இடம் கிடைத்தால் அந்த வித்து முளைத்து நஞ்சை உண்டாக்கும். எண்ணெய் ஊற்றி மூடுவது என்றால் காற்று இல்லாத இடத்தை நாமே அதற்குக் கட்டிக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். அந்த நஞ்சுக்கு வாசனை கிடையாது, ருசியும் மாறாமல் இருக்கலாம். நரம்பைத் தாக்கி, மூச்சு விடும் தசை வரைக்கும் செயலிழக்க வைக்கும். புளிப்பை அளக்கும் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. தக்காளி சரியாக அந்த எல்லையில் நிற்கிற காய், 4.3 முதல் 4.9 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கும், அதிகம் பழுத்தால் புளிப்பு இன்னும் குறையும். மிளகாய், வெங்காயம், பூண்டு எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம். அதனால் சல்சாவில் மிளகாயைக் கூட்டக் கூட்ட ஆபத்தும் கூடுகிறது. காரம் கூடினால் பாதுகாப்பு கூடும் என்று சொன்னவர்கள் நேர் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க அமுச்சி காலத்துல தராசும் பிஎச்சும் வெச்சா ஊறுகாய் போட்டாங்க?" என்று இதற்குக் கீழே யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். என் அமுச்சியும், அதாவது அம்மாவின் அம்மாவும், தராசு இல்லாமல்தான் போட்டார். ஆனால் அவர் போட்டது சல்சா இல்லை. வெயிலில் காய வைத்து ஈரத்தை எடுத்து, கை நிறைய உப்புப் போட்டு, புளி சேர்த்து, தண்ணீர் சுண்டும் வரை கிண்டிய பண்டம் அது. சல்சாவோ துண்டு துண்டாகத் தண்ணீரோடு இருப்பது, மெக்சிகோ பக்கத்து உணவு. இதற்கு அந்த ஊர்க் கணக்குத்தான் செல்லும். நான் உணவுத் தொழில்நுட்பம் படிக்கவில்லை, பி.காம்.தான். விற்பனைக்கும் செய்யவில்லை. விற்பது என்றால் உரிமம், பரிசோதனை எல்லாம் வேறு கதை, அதற்கு என் பதிலை நம்பாதீர்கள். வீட்டுக்கு மட்டும் என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

எனக்குக் கற்றுக் கொடுத்தது டெக்சாஸில் இருக்கும் என் நங்கையா, அதாவது வீட்டுக்காரருடைய அக்கா. மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்திருந்தபோது கிணத்துக்கடவு பக்கம் எங்கள் அப்பாவின் தோட்டத்தில் தக்காளி பறிக்கக்கூட ஆள் கூலி கட்டாமல் கிடந்தது. "இதை இப்படியே விடறதா? பாட்டில்ல போடலாம் வா" என்று உட்கார வைத்தார். அங்கே ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வீட்டில் உணவு பதப்படுத்துவதற்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. பரிசோதித்த செய்முறைகளை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதில் ஒன்று உங்கள் கேள்விக்கென்றே செய்தது போல இருக்கிறது, எந்த வகை மிளகாயும் போடலாம். தோல், விதை நீக்கி நறுக்கிய தக்காளி 6 கப். வெங்காயமும் மிளகாயும் இரண்டும் சேர்த்து 9 கப். பாட்டிலில் விற்கும் எலுமிச்சைச் சாறு ஒன்றரை கப். உப்பு 3 டீஸ்பூன். கப் என்றால் 240 மில்லி. இந்த 9 கப்புக்குள் நீங்கள் என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், 9 கப்பைத் தாண்டக் கூடாது. சாற்றைக் குறைக்கவே கூடாது. புளிப்பு அதிகமாகத் தெரிந்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுங்கள்.

நான் போடும் கலவை வெங்காயம் நாலரை கப், குடைமிளகாய் இரண்டு, பஜ்ஜி மிளகாய் ஒன்றரை, ஹாலபினோ முக்கால், மிச்சம் கால் கப்பில் காந்தாரியும் ஹாபனேரோவும். குடைமிளகாயில் காரமே கிடையாது, சதைக்கும் இனிப்புக்கும்தான் அது. ஸ்கோவில் என்ற காரக் கணக்கில் ஹாலபினோ 2,500 முதல் 8,000 வரை, ஹாபனேரோ ஒரு லட்சத்தில் தொடங்கி மூன்றரை லட்சம் வரை போகும். ஹாபனேரோவுக்குப் பழ வாசனை உண்டு, அதற்காகத்தான் போட வேண்டும், காரத்துக்கு நம் காந்தாரியே தாராளம். காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது. குழந்தைகளுக்கு என்றால் அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். கையுறை கட்டாயம். எரிச்சல் வந்துவிட்டால் தண்ணீரில் கழுவிப் பயனில்லை, கேப்சைசின் தண்ணீரில் கரையாது. தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சோப்புப் போடுங்கள்.

"தோட்டத்துல எலுமிச்சை மரமே இருக்கு, பாட்டில் சாறு எதுக்கு?" என்று என் தம்பி கேட்டான். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், பாட்டில் சாறு ஒரே அளவில் இருக்கும், அதனால்தான். வினிகரை மாற்றாகப் போடாதீர்கள். எலுமிச்சை அளவுக்கு அதில் அமிலம் கிடையாது. அதோடு அமெரிக்கச் செய்முறைகளில் வினிகர் என்றால் 5 சதவீதம், நம் கடைகளில் கிடைப்பதில் பலவற்றில் 4 சதவீதம் என்றுதான் போட்டிருக்கும். லேபிளைப் பாருங்கள். பாட்டில் சாறு விலை அதிகம் என்று தோன்றினால் தப்பே இல்லை, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம்.

செய்முறை பெரிய விஷயமில்லை. எல்லாவற்றையும் கொதிக்க விட்டு, மூன்று நிமிடம் சிம்மில் வைத்து, சூடான கண்ணாடி பாட்டிலில் மேலே அரை அங்குலம் விட்டு நிரப்பி, வாயைத் துடைத்து மூட வேண்டும். அரை லிட்டருக்கு மேல் பாட்டில் வேண்டாம். பெரிய இட்லிக் குண்டாவில் அடியில் ஸ்டாண்டு வைத்து, மூடிக்கு மேல் ஓர் அங்குலமாவது தண்ணீர் நிற்க, கொதி வந்த பிறகு நேரம் கணக்கிடுங்கள். இங்கே ஊரின் உயரம் பார்க்க வேண்டும். 1,000 அடி வரை 15 நிமிடம், அதற்கு மேல் 6,000 அடி வரை 20, அதற்கும் மேல் 25. ஈரோட்டுக்காரர்களுக்கு 15 போதும். கோவை சுமார் 1,350 அடி, எனவே 20. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும், அங்கே 25. எண்ணெய், சோளமாவு இரண்டும் சேர்க்கக் கூடாது. சீரகம், மல்லித்தூள் உங்கள் இஷ்டம். கொத்தமல்லித் தழை பாட்டிலைத் திறந்த பிறகு போட்டால்தான் பச்சை வாசனை இருக்கும். பழைய ஜாம் பாட்டில் மூடியைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், மூடி ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்க வேண்டும். இறக்கிய பாட்டிலை ஒரு ராத்திரி அசைக்காமல் விடுங்கள். காலையில் மூடியின் நடுப்பகுதி உள்வாங்கி இருக்கும், விரலால் அமுக்கினால் டிக் என்று சத்தம் வரக் கூடாது. சத்தம் வந்தால் அந்த பாட்டில் ஃப்ரிட்ஜுக்கு.

தக்காளி பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது எங்கள் அடுக்ககத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "உங்கப்பாவுக்கு அடிச்சது யோகம்" என்றார்கள். அந்த மாதம் அப்பாவின் காட்டில் நாற்றுதான் இருந்தது, காய் இல்லை. விலை ஏறுவதே காய் இல்லாததால்தானே? அவர் காய் பறிக்கும் நேரத்தில் பதினாலு கிலோ பெட்டி ஐம்பது, அறுபதுக்குப் போன வருடங்கள் உண்டு. பறிக்கிற கூலி, வண்டி வாடகை, மண்டி கமிஷன் போக என்ன மிஞ்சும்? ஆட்டை மேய விட்டுவிட்டு அடுத்த உழவு ஓட்டினார். அந்த வருடங்களில் யாரும் என்னிடம் உங்கப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டதில்லை. கிலோ நூறு ரூபாயானால் தலைப்புச் செய்தி, நாலு ரூபாயானால் உள்பக்கத்தில் ஒரு படம். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, சல்சாவுக்கு வருகிறேன். எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நான் செய்வதைப் பார்த்துவிட்டு என் சின்ன மாமியாரும் செய்தார். காந்தாரியை இரண்டு மடங்கு போட்டார், எலுமிச்சைச் சாற்றை விட்டுவிட்டார், மேலே நல்லெண்ணெய். "ஏனம்மிணி, இத்தன காந்தாரி போட்டா அதுல புழுப்பூச்சி அண்டுமா? சாறெல்லாம் வெட்டிச் செலவு" என்றார். "இல்லைங்க சின்னத்தை, இதைச் சாப்பிட வேண்டாங்க" என்று எவ்வளவோ சொன்னேன். மூடி லேசாக மேலே உப்பியிருந்தது. அவர் இல்லாத நேரம் பார்த்து அத்தனையையும் பாட்டிலோடு பைகளில் கட்டிக் குப்பையில் போட்டேன். சோறு போட்ட வீட்டில் பண்டத்தை வீசினாள் என்று ஒரு வருடம் பேசினார்கள். இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

அதே வருடம் தீபாவளிக்கு நான் செய்த பாட்டில்களை உறவுக்காரர்களுக்குக் கொடுத்திருந்தேன். ஒரு வீட்டில் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "மிளகாயை அரைச்சு மாசக்கணக்குல மூடி வெச்சுக் குடுத்தா இப்படித்தான் ஆகும்" என்று என் பெயரைச் சொல்லாமல் எழுதினார். எல்லோருக்கும் புரிந்தது. வரிசையாகக் கும்பிடு பொம்மையும் அழுகிற பொம்மையும் விழுந்தன. நான் பதில் எழுதவில்லை. வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு நேராக அந்த வீட்டுக்குப் போனேன். முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன், நீர் மோரும் இளநீரும் வாங்கிப் போயிருந்தேன். அப்புறம் "நான் குடுத்த பாட்டில் எங்கீங்க அண்ணி?" என்று கேட்டேன். பூஜை அலமாரிக்குப் பக்கத்தில், நான் கட்டிய ரிப்பன்கூடப் பிரிக்காமல் இருந்தது. மூடி உள்வாங்கியபடியே இருந்தது. எல்லோர் முன்னாலும் மூடியை அமுக்கிக் காட்டினேன், சத்தம் வரவில்லை. திறக்காத பாட்டில் யார் வயிற்றைக் கெடுக்கும்? அண்ணி பாவம், "நாங்க ஒண்ணும் சொல்லலீங்க, அவங்களா எழுதிட்டாங்க" என்றார். முந்தின நாள் எங்கேயோ விருந்துக்குப் போய் வந்தார்களாம். குழுவில் அந்த வரியை எழுதியவர் அதை நீக்கவும் இல்லை, தவறு என்று இன்னொரு வரி எழுதவும் இல்லை. நான் அந்தக் குழுவில் இன்னும் இருக்கிறேன், அந்த வரியும் இருக்கிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு மூடியிலும் செய்த தேதி, என்ன மிளகாய், எத்தனை நிமிடம் கொதித்தது என்று எழுதி ஒட்டுகிறேன். திறந்தால் ஃப்ரிட்ஜ், ஒரு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதையும் எழுதுகிறேன். திறக்காத பாட்டில் வெளிச்சம் படாத அலமாரியில் ஒரு வருடம் வரை நன்றாக இருக்கும். எங்கள் வீட்டில் அவ்வளவு நாள் நிற்பதில்லை. சிப்ஸுக்கு என்று நினைக்காதீர்கள், சூடான அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் விட்டு, ஓரமாக இரண்டு ஸ்பூன் சல்சா வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். கம்பு தோசைக்கும் பிரமாதம்.

உங்களிடம் ஹாபனேரோ எவ்வளவு இருக்கிறது என்று எழுதவில்லை. கால் கிலோவுக்கு மேல் என்றால் முழுவதையும் சல்சாவில் தள்ளப் பார்க்காதீர்கள், பாதியை வெயிலில் காய வைத்துப் பொடியாக்கிவிடுங்கள். மீதியை 9 கப் கணக்குக்குள் எப்படிப் பிரிப்பது என்று தெரியாவிட்டால் கீழே எடையைச் சொல்லுங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன்.