சுவோனில் வீடு: 12 கோடி வொன் கொடுத்து ஜியோன்சே எடுக்கலாமா?

கேள்வி: தென் கொரியாவின் சுவோனில் வேலை. நானும் மனைவியும் மட்டும். நான்கு மாடி வில்லாவில் (இங்கே சின்ன அடுக்குமாடிக் கட்டடத்தை அப்படித்தான் சொல்கிறார்கள்) ஒரு வீடு பார்த்திருக்கிறோம். ஜியோன்சே, அதாவது மாத வாடகை இல்லாத ஒத்தி என்றால் 12 கோடி வொன், வோல்சே, அதாவது மாத வாடகை என்றால் 1 கோடி அட்வான்ஸ், மாதம் 6 லட்சம் வாடகை. கையில் 5 கோடி இருக்கிறது, மீதிக்கு வங்கி 4 சதவீதத்தில் கடன் தருகிறது. வீட்டின் மதிப்பு 14 கோடி. அதன் மேல் 2024-ல் பதிவான 4 கோடி அடமானம் உண்டு. ஓனர் வசதியானவர், பயமில்லை என்கிறார் புரோக்கர். எதை எடுப்பது?

பதில்: இந்த வீட்டை ஜியோன்சேக்கு எடுக்காதீர்கள்.

நம்மூர் ஒத்தி மாதிரிதான் ஜியோன்சேயும்: பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு வருஷம் வாடகை இல்லாமல் இருந்து, போகும்போது முழுசாகத் திரும்ப வாங்கிக்கொள்வது. கணக்கும் அதற்குச் சாதகமாகத்தான் வருகிறது. 7 கோடிக் கடனுக்கு வருஷ வட்டி 28 லட்சம், கூடுதலாக முடங்கும் உங்கள் 4 கோடியை 3 சதவீத டெபாசிட்டில் போட்டிருந்தால் கிடைக்கும் 12 லட்சம், ஆக 40 லட்சம். வோல்சேயில் வாடகையே வருஷத்துக்கு 72 லட்சம். 32 லட்சம் மிச்சம் என்றால் யாருக்கும் ஆசை வரும்.

சரி, ஓனர் வங்கிக் கடனைக் கட்டாமல் வீடு ஏலத்துக்குப் போனால்? ஏலத்தில் முழு விலை கிடைப்பதே கஷ்டம், கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். 14 கோடியில் வங்கியின் 4 கோடி போக மிச்சம் 10 கோடி, உங்களுக்கு வரவேண்டியதோ 12 கோடி. இரண்டு கோடி போய்விடும், நீங்கள் வாங்கிய கடன் அப்படியே நிற்கும். ஜியோன்சே பணத்துக்கு உத்தரவாதம் தரும் அரசு நிறுவனம் 2023 மே முதல், முந்தைய அடமானமும் ஜியோன்சே தொகையும் சேர்ந்து வீட்டு மதிப்பில் 90 சதவீதத்துக்குள் இருந்தால்தான் ஏற்றுக்கொள்கிறது. உங்கள் கணக்கில் 14 கோடி வீட்டின் மேல் 16 கோடி நிற்கிறது. 2022-23-ல் இன்சோனிலும் தலைநகர் சியோலின் ஹ்வாகோக் பகுதியிலும் இப்படித்தான் ஏராளமான இளம் குடும்பங்கள் பணத்தைப் பறிகொடுத்தன, அந்த ஓனர்களில் ஒருவர் பெயரில் ஆயிரத்துக்கும் மேல் வீடுகள் இருந்தன. அதனால் ஓனர் வசதியானவர் என்பதை ஒரு பாதுகாப்பாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

வீடு பிடித்திருந்தால் நடுவழி ஒன்று உண்டு. 4 கோடி அட்வான்ஸ் தருகிறேன், வாடகையை 4.4 லட்சமாகக் குறையுங்கள் என்று கேளுங்கள். ஓனர் சொன்ன இரண்டு விலையையும் ஒப்பிட்டால், 11 கோடி கூடுதலாகக் கொடுப்பதற்கு வருஷம் 72 லட்சம் வாடகை குறைகிறது, அதாவது சுமார் 6.5 சதவீதம், அதே கணக்கில்தான் இதைச் சொல்கிறேன். ஏன் 4 கோடி? சுவோனில் 14.5 கோடிக்குள் அட்வான்ஸ் கொடுத்தவருக்கு, ஏலப் பணத்தில் வங்கிக்கும் முன்பாக 4.8 கோடி வரை தரவேண்டும் என்பது 2023 முதல் சட்டம். உங்கள் அடமானம் 2024-ல் பதிவானது, அதனால் இந்த வரம்பு பொருந்தும். கடனும் வாங்க வேண்டியதில்லை.

இந்தப் பாதுகாப்பு தானாக வராது. குடிபோகும் அன்றே முகவரி மாற்றத்தைப் பதிவுசெய்து, ஒப்பந்தத்தில் தேதி முத்திரையும் வாங்கிவிடுங்கள். முகவரிப் பதிவின் பலன் அன்றிரவு 12 மணிக்கு, மறுநாள் பிறக்கும்போதுதான் தொடங்கும், ஆனால் ஓனர் அன்றைக்கே புது அடமானம் வைத்தால் அது அன்றே செல்லும். இந்த ஒரு நாள் இடைவெளியை வைத்தே ஏமாற்றியிருக்கிறார்கள். ஆகவே பாக்கிப் பணம் அனுப்பும் காலையில் 700 வொன் கட்டி இணையத்தில் வீட்டுப் பதிவேட்டைத் திறந்து, அடமானங்கள் எழுதியிருக்கும் கடைசிப் பகுதியில் புதிதாக ஒரு வரி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் முடியும்வரை புதுக் கடன் வைக்கமாட்டேன், வைத்தால் ஒப்பந்தம் ரத்து, பணம் வாபஸ் என்று ஒப்பந்தத்தில் தனியாக எழுதச் சொல்லுங்கள். ஓனர் இதற்கு மறுத்தால் அந்த வீடே வேண்டாம்.

அப்புறம், ஊர் திரும்பும்போது. ஃபிளைட் டிக்கெட் போட்டாயிற்று, பணத்தை அப்புறம் அனுப்புவார் என்று நம்பிச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள், வீட்டைக் காலி செய்து முகவரியை மாற்றினால் உங்கள் முன்னுரிமை போய்விடும். ஒப்பந்தம் முடிந்தும் பணம் வரவில்லை என்றால் காலி செய்தாலும் முன்னுரிமையைக் காப்பாற்றும் குத்தகை உரிமைப் பதிவு ஆணையை நீதிமன்றத்தில் கேளுங்கள். அது பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு கிளம்பலாம்.