கறுப்புப் பூச்சை நம்பாதீர்கள்: பழைய ஜப்பான் கார் கேள்வி-பதில்

இங்கிலாந்தில் இருக்கும் வாசகர்கள் பலர் பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வீட்டிலேயே சீர்செய்வது பற்றி எழுதியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறை பற்றியவை. 1989 முதல் 1997 வரை வந்த இந்தக் காரை ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

1992 யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்றை டீலரிடம் 6,800 பவுண்டுக்கு வாங்கினேன். 'முழுதாகச் சீர்செய்தது, துரு இல்லை' என்று விளம்பரம். மூன்று வாரம் கழித்து ஆயில் மாற்றப் போனபோது மெக்கானிக் பின்சக்கரத்துக்கு முன்னால் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினார், அது உள்ளே போய்விட்டது. டீலரைக் கேட்டால், 'முப்பது வருஷக் கார் அப்படித்தான் இருக்கும், பார்த்தபடி விற்றது என்று பில்லிலேயே போட்டிருக்கிறோம்' என்கிறார். – மில்டன் கீன்ஸ்

இன்றைக்கே எழுதுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய பொருள் சொன்னபடி இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். அந்தக் கெடுவில் உங்களுக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. 'காரை நிராகரிக்கிறேன், பணத்தைத் திருப்பித் தாருங்கள்' என்று தெளிவாக மின்னஞ்சல் அனுப்புங்கள். மெக்கானிக்கின் அறிக்கை, ஓட்டையின் படங்கள், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேருங்கள். விளம்பரத்தை அவர் அழிப்பதற்குள் படம் பிடித்துவிடுங்கள்.

'பார்த்தபடி விற்றது' என்று பில்லில் எழுதிவிட்டால் வியாபாரியின் பொறுப்பு போய்விடாது. பழைய காரில் கொஞ்சம் தேய்மானம் இருக்கும் என்பதைச் சட்டமும் ஏற்கிறது. ஆனால் 'துரு இல்லை' என்று எழுதியது அவர். முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தீர்களா? காரின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி முழு விலைக்கும் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. டீலர் அசையவில்லை என்றால் 10,000 பவுண்டு வரைக்கும் சிறு உரிமைக் கோரிக்கையாக நீதிமன்றத்தில் போடலாம், வக்கீல் தேவையில்லை. அதுவரை அந்தக் காரை ஓட்டாதீர்கள். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, விட்டுக்கொடுக்காதீர்கள்.

பார்த்து வைத்திருக்கும் ரோட்ஸ்டரின் எம்.ஓ.டி (ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிப் பரிசோதனை) பதிவில் 2009-இல் 98,000, 2010-இல் 62,000 என்று இருக்கிறது. மீட்டரைத் திருப்பிவிட்டார்களா? – லெஸ்டர்

அவசரப்பட வேண்டாம். 98,000 கிலோமீட்டர் என்றால் சுமார் 61,000 மைல். ஜப்பானிலிருந்து வந்த காரின் மீட்டரை மைலுக்கு மாற்றியிருப்பார்கள். மாற்றியதற்கான ரசீதைக் கேளுங்கள். அடுத்தடுத்த வருடங்களில் எண் சீராக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

விற்பவர் 'போன மாதம்தான் அடிப்பாகம் முழுக்கப் புது அண்டர்சீல் (துரு தடுக்கும் கறுப்புப் பூச்சு) அடித்தேன், பத்து வருஷத்துக்குக் கவலையில்லை' என்கிறார். அதற்காக 500 பவுண்டு கூடுதலாகக் கேட்கிறார். கொடுக்கலாமா? – பர்மிங்காம்

கொடுக்காதீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் மனிதர்கள் அதிகம் ஏமாறுவது இந்த ஒரு விஷயத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தக் காருக்குத் துரு எங்கிருந்து வருகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். துணிக்கூரையில் விழும் மழைத்தண்ணீர் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கும் வடிகால் குழாய் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழவேண்டும். இலையும் மண்ணும் சேர்ந்து அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால், தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டிக்குள் தேங்குகிறது. சில் ஒற்றைத் தகடு இல்லை, உள்ளே அடுக்கு இருக்கிறது. தண்ணீர் அங்கே வருடக்கணக்கில் நிற்கிறது. ஆக, துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள் அடுக்கு ஏற்கெனவே போயிருக்கும்.

இப்போது அந்தத் தகட்டின் வெளிப்பக்கத்தில் கெட்டியான கறுப்புப் பூச்சை அடித்தால் என்ன நடக்கும்? உள்ளே இருக்கும் துரு ஒரு துளிகூடக் குறையாது. பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே ஈரம் மாட்டிக்கொண்டு இன்னும் வேகமாகத் தின்னும். நன்மை ஒருவருக்கு மட்டும்தான், விற்கிறவருக்கு. காரணம், எம்.ஓ.டி பரிசோதகர் லேசாகத் தட்டிச் சுரண்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். பலமாகக் குத்திப் பார்க்கவோ எதையும் கழற்றவோ முடியாது. சஸ்பென்ஷனும் சீட் பெல்ட்டும் பிடித்திருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு பலவீனமாக இருந்தால் கார் தோற்கவேண்டும் என்பது விதி. கறுப்புப் பூச்சுக்குக் கீழே பட்டி (ஓட்டையை அடைக்கும் பசை) பார்த்து மூடிவிட்டால் அதைக் கண்டுபிடிப்பது பரிசோதகருக்குக் கஷ்டம். தேர்வு பாஸ், விற்பனை முடிந்தது, அதற்குப் பிறகு உங்கள் தலையில்.

நான் வாங்கிய ஒரு காரிலும் இதே கதைதான். பளபளவென்ற கறுப்பு அடிப்பாகம், புது எம்.ஓ.டி சான்றிதழ். பூச்சைச் சுரண்டினேன், கீழே பட்டி வந்தது. பட்டியை உடைத்தால் உள்ளே சுருட்டி அடைத்த செய்தித்தாள். அதன்மேல்தான் என் குடும்பத்தை உட்காரவைத்து நெடுஞ்சாலையில் ஓட்டியிருக்கிறேன். விற்ற ஆள் தனிநபர். போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. பணம் போனதைச் சம்பாதித்துவிடலாம், ஆனால் இன்னொரு மனிதரின் உயிரைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் ஒருவர் பட்டியைப் பூசி முடித்திருக்கிறார்.

உண்மையாக வேலை செய்தவரிடம் படம் இருக்கும். அழுகிய தகட்டை வெட்டி எடுத்த படம், புதுத் தகட்டை வெல்டிங் செய்த படம், அதன்மேல் பிரைமர் அடித்த படம் என்று வரிசையாகக் காட்டுவார். அந்தப் படங்கள் இல்லையென்றால் வேலையும் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கப் போகும்போது மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்று எடுத்துப்போங்கள். சில்லின் பின்முனையில் ஒட்டாமல் நழுவினால் அங்கே இருப்பது பட்டி. ஒரு குவளைத் தண்ணீரைக் கூரை வடிகாலில் ஊற்றிக் கீழே குனிந்து பாருங்கள். உடனே சொட்ட வேண்டும். பிறகு அரசு இணையதளத்தில் காரின் எண்ணைப் போட்டு எம்.ஓ.டி வரலாற்றைப் படியுங்கள், அது இலவசம். 'துரு' என்று பல வருடம் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்து, வெல்டிங் ரசீது எதுவும் இல்லாமல் திடீரென்று நின்றிருந்தால், எந்த வருடம் பூச்சு அடித்தார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

தகடு நல்ல நிலையில் இருக்கும் காருக்குச் செய்யவேண்டியது வேறு. வடிகாலைச் சுத்தம் செய்து, உள்ளே நன்றாகக் காயவிட்டு, நீண்ட குழாய் வழியாகச் சில்லுக்குள் மெழுகு தெளிக்க வேண்டும். வீட்டிலேயே செய்யலாம். பெயின்ட் கடைசி. முதலில் தகடு, அடுத்து பிரேக், அடுத்து எஞ்சினைக் குளிரூட்டும் வேலை, அதன் பிறகுதான் பளபளப்பு.

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி ஒன்றுக்கு முழுப் பணத்தையும் வங்கி வழியாக அனுப்பிவிட்டேன். காரை வீடியோவில்தான் பார்த்தேன். எஞ்சின் சத்தம் நன்றாக இருந்தது. இப்போது சூடானபின் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. விற்றவர் தனிநபர். என்ன செய்யலாம்? – கிராய்டன்

இவ்வளவு பணத்தை வீடியோ பார்த்து அனுப்பலாம் என்று யார் சொன்னார்கள்? உங்கள் காரில் இருப்பது ரோட்டரி எஞ்சின், பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும். அதை வாங்குகிறவர் செய்யவேண்டிய முதல் வேலை கம்ப்ரெஷன், அதாவது எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தம், பார்ப்பது. சாதாரண எஞ்சினுக்கு வைக்கும் அளவுமானி இதற்குப் போதாது. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகம், மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் கருவி வேண்டும். ரோட்டரி பார்க்கும் கடைகளில் அது இருக்கும். சூடானபின் ஸ்டார்ட் ஆகாதது ரோட்டரின் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீல் தேய்ந்ததற்கான பழைய அறிகுறி. இதைப் பற்றி ஒரு மாலை படித்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

தனிநபரிடம் வாங்கியதால் 30 நாள் உரிமை உங்களுக்கு இல்லை. 'எஞ்சின் இப்போதுதான் பிரித்துக் கட்டியது' என்பது போல அவர் எழுத்தில் ஏதாவது பொய் சொல்லியிருந்தால், தவறான தகவல் கொடுத்து விற்றார் என்று வழக்குப் போட இடமுண்டு. குறுஞ்செய்திகளை எல்லாம் தேடி எடுத்து வையுங்கள். அவர் பெயரில் வேறு கார்களும் விற்பனைக்கு இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவர் தனிநபர் வேடம் போடும் வியாபாரி. அது குற்றம், வியாபாரியிடம் வாங்கியவருக்கு உள்ள எல்லா உரிமையும் உங்களுக்கும் வரும்.

1990 ரோட்ஸ்டரில் தினமும் ஹாரோவிலிருந்து வேலைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். யூலெஸ் (லண்டனில் அதிகப் புகை விடும் வாகனங்களுக்கான) கட்டணம் உண்டா? – ஹாரோ

உண்டு, நாளுக்கு 12.50 பவுண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுக்க அப்படித்தான். 40 ஆண்டு தாண்டி, வரலாற்று வாகன வரிப் பிரிவில் பதிந்தால்தான் விலக்கு.

பழைய காருக்கு மாஸ்டாவே பாகங்கள் செய்கிறது என்கிறார்கள், உண்மையா? ஆன்லைனில் மரத்தாலான நார்டி ஸ்டீயரிங் 70 பவுண்டுக்குக் கிடைக்கிறது. – ஈஸ்ட் ஹாம்

உண்மை. முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கான மறுசீரமைப்புத் திட்டத்தை மாஸ்டா 2017-இல் அறிவித்தது. காரை முழுதாகச் சீர்செய்து தருவது ஜப்பானில் மட்டும். அதற்காகத் துணிக்கூரை, நார்டியின் மர ஸ்டீயரிங், அந்தக் காலத்து பிரிட்ஜ்ஸ்டோன் டயர் வரைக்கும் திரும்பச் செய்தார்கள். அதே ஆண்டு நிசானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ, ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆருக்குப் பாகங்கள் கொடுக்க ஆரம்பித்தது. 'இனிமேல் கிடைக்காது' என்று ஒரு கடை விலையை ஏற்றினால், பாக எண்ணை வாங்கிக்கொண்டு மாஸ்டா டீலரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

70 பவுண்டு ஸ்டீயரிங் டூப்ளிகேட். விபத்தில் உங்கள் நெஞ்சுக்கு நேரே இருக்கும் பொருள் அது, விட்டுவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கிலும் டூப்ளிகேட் நிறைய ஓடுகிறது, அதைக் கடையில் போய் வாங்குங்கள். மலிவு விலையில் நான் வாங்கிப் போட்ட துணிக்கூரை முதல் குளிர்காலத்திலேயே தையல் விட்டது. உள்ளே வந்த தண்ணீர் தரைவிரிப்பை நனைத்து, அதற்குக் கீழே துருவை ஆரம்பித்துவைத்தது. கூரையில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

1990 கார், 1.6 எஞ்சின். டைமிங் பெல்ட் புதிது என்கிறார். வேறு என்ன பார்க்க வேண்டும்? – ரெடிங்

கிராங்க் புல்லி, அதாவது எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்கின் முன்முனையில் (அதுதான் மூக்கு) இருக்கும் சக்கரம். 1991 வரை வந்த 1.6 எஞ்சின்களில் கிராங்க் மூக்கு குட்டையானது. பெல்ட் மாற்றும்போது அந்த போல்ட்டைச் சரியான டார்க்கில் முறுக்காவிட்டால், புல்லியைப் பிடித்து நிறுத்தும் சின்ன உலோகச் சாவி ஆடி ஆடி மூக்கையே தின்றுவிடும். அப்புறம் கிராங்க்கையே மாற்ற வேண்டும். புல்லியில் நாலு பள்ளம் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பிறகு வந்த நீள மூக்கு. எஞ்சின் ஓடும்போது புல்லி தள்ளாடினால் திரும்பி வந்துவிடுங்கள். பெல்ட் மாற்றிய ரசீதில் யார் செய்தார், எத்தனை மைலில் செய்தார் என்று இருக்க வேண்டும். வாய்வார்த்தை போதாது.

கணவர் ஞாயிறு முழுக்க ஜாக்கியில் தூக்கிய காருக்கு அடியில் படுத்திருக்கிறார். சொன்னால் 'ஜாக்கி இரண்டு டன் தாங்கும்' என்கிறார். என்ன வாங்கிக் கொடுப்பது? – சட்டன்

நீங்கள் பயப்படுவது முற்றிலும் சரி. ஜாக்கி தூக்க மட்டும்தான், தாங்க அல்ல. உள்ளே ஒரு ரப்பர் வளையம் கசிந்தால் கார் இறங்கிவிடும், இரண்டு டன் என்று எழுதியிருப்பது அப்போது உதவாது. தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஆக்ஸில் ஸ்டாண்டு இரண்டு ஜோடி வாங்குங்கள். ஊசி குத்திப் பூட்டும் வகை நல்லது. சக்கரத்துக்கு வைக்கும் கட்டைகளும் வாங்குங்கள். கான்கிரீட் தரையில் மட்டும் வைக்க வேண்டும், புல்லிலோ சரிவிலோ கூடாது. சில்லில் துரு இருந்தால் அங்கே ஸ்டாண்டு வைத்தால் தகடு நசுங்கி இறங்கும், அதனால் அடியில் சஸ்பென்ஷனைத் தாங்கும் கெட்டிச் சட்டமான சப்ஃப்ரேமில் வைக்கச் சொல்லுங்கள். அடியில் போவதற்கு முன் காரைக் கையால் பலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். இந்தப் பதிலை அவரிடமே படிக்கக் கொடுங்கள்.

ரோட்ஸ்டரின் டிக்கியில் இருக்கும் பேட்டரி செத்துவிட்டது. சாதாரண பேட்டரி போட்டால் என்ன? பாதி விலைதான். – லூட்டன்

போடாதீர்கள். ஆவியை வெளியே விடும் குழாய் பொருத்தக்கூடிய மூடிய வகைதான் வேண்டும். இல்லையென்றால் அமிலம் டிக்கித் தகட்டைத் தின்றுவிடும்.