ஆமை ஓட்டுக்கு எண்ணெய் தடவலாமா?

ஓடு மெத்தென்று ஆகிவிட்டது, தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கோளாறு பெரும்பாலும் உள்ளே: கால்சியமும் வைட்டமின் டி3-யும் போதாமை. ஓடு எலும்புதானே! (பிறந்த குட்டி என்றால் லேசான நெகிழ்வு இயல்பு.)

இயற்கை மருந்து என்றால் அது வெயில்தான், நேரடி வெயில். உடலில் டி3 உருவாக வெயிலின் யுவிபி (UVB) என்ற புற ஊதாக் கதிர் வேண்டும், கண்ணாடி அதைத் தடுத்துவிடும். அதற்காகத் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைத்துவிடாதீர்கள். தண்ணீர் சூடேறினால் ஆமை செத்துவிடும். ஒதுங்க நிழல் அவசியம். வெயில் கிடைக்காவிட்டால் யுவிபி விளக்கு. அது எரிந்துகொண்டிருந்தாலும் நாளடைவில் கதிர் குறையும், ஆண்டுக்கொருமுறையாவது மாற்றுங்கள்.

கால்சியத்துக்குக் கணவாய் மீனின் ஓட்டுத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள், கடித்துக்கொள்ளும். வெறும் இறைச்சி மட்டும் கொடுப்பதானால் நிறுத்துங்கள்.

மெத்தென்று ஆகிவிட்டதால் எப்படியும் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நாற்றமோ குழியோ இருந்தால் அழுகலாக இருக்கலாம், இன்றைக்கே போங்கள்.