மூத்த மகனின் கையெழுத்து போதுமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் வசிக்கிறேன். பக்கவாதம் வந்து அப்பா (81) 19 நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறார். “எனக்குக் குழாய் எதுவும் மாட்டாதே” என்று பலமுறை சொன்னவர். 2 வருடமாக நானும் மனைவியும்தான் அள்ளிப் போட்டுப் பார்த்துக்கொண்டோம். திருவொற்றியூரில் இருக்கும் தங்கையோ, வீட்டுக்காக அப்பாவைக் கொல்லப் பார்க்கிறேன் என்கிறாள். மூத்த மகன் நான் கையெழுத்துப் போட்டால் போதாதா? இல்லையென்றால் டிஸ்சார்ஜ் வாங்கி வீட்டுக்கே கொண்டுபோய்விடட்டுமா?

பதில்: போதாது. கொள்ளி வைக்கும் உரிமையைக் காட்டி வென்டிலேட்டரை எடுக்கச் சொல்ல முடியாது. தங்கை எத்தனை முறை வந்தாள், மைத்துனர் ஐ.சி.யூ. வாசலில் என்ன பேசினார் என்றெல்லாம் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தேவைப்பட்டது ஒரே விஷயம்: அப்பா தன் விருப்பத்தை எழுதி வைக்கவில்லை.

எழுதி வைக்காதவரின் வென்டிலேட்டரை எடுக்கவும் உச்ச நீதிமன்றம் 2018-இல் வழி சொல்லி, 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியிருக்கிறது. இரண்டு மருத்துவக் குழுக்களின் ஒப்புதல், குடும்பத்தின் சம்மதம், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். குழுவைக் கூட்டும்படி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுங்கள். ஆனால் தங்கை ஒரு ஆட்சேபக் கடிதம் நீட்டினால் எந்த மருத்துவரும் கை வைக்கத் தயங்குவார். உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அப்பாவுக்கு அவ்வளவு நாள் இருக்கிறதா என்று நீங்களே யோசியுங்கள்.

எனக்குப் பயமெல்லாம் அந்த டிஸ்சார்ஜ் யோசனையில்தான். ‘மருத்துவர் ஆலோசனையை மீறி, சொந்தப் பொறுப்பில்’ என்ற படிவத்தில் நீங்கள் போடும் கையெழுத்து மருத்துவமனையைத்தான் காப்பாற்றும். என்னிடம் வழக்குக்கு வந்த தண்டையார்பேட்டைக்காரர் ஒருவர் இப்படித்தான் தன் அப்பாவைக் கொண்டுபோனார். வழி நெடுக ஆம்புலன்ஸ் உதவியாளர் மூச்சு கொடுக்கும் பலூனைக் கையால் அமுக்கிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் அமுக்குவதை நிறுத்தினார். கால் மணி நேரத்தில் முடிந்தது. தெரு டாக்டர் சான்று தர மறுத்தார். அதற்குள் தம்பி போலீசுக்குப் போன் செய்துவிட்டார். சந்தேக மரணம் என்று வழக்குப் பதிவாகி, உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போனது. ஷாமியானா போட்டு, மேளக்காரர்கள் வந்து, காலியாக ஐஸ் பெட்டி கிடந்தது. வழக்கு நிலைக்கவில்லை. ஆனால் பாகப்பிரிவினை பேசும்போதெல்லாம் தம்பி அந்த எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்து மேசைமேல் வைப்பார். கடைசியில் அண்ணன் தன் பங்கில் விட்டுக்கொடுத்துத்தான் எழுந்தார்.

பில் கட்ட முடியவில்லை என்றால் அரசு மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அங்கும் சிகிச்சை தொடர்வதால் கைவிட்டீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

மற்றபடி, சமாதானமாகப் போங்கள். வீடு அப்பாவின் சுயசம்பாத்தியம், உயிலும் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் சம பங்கு. பணிவிடைக்கென்று தனிப் பங்கு கிடையாது. தங்கையிடம் இப்போதே, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்கப் பார்க்காதீர்கள். அப்பா உயிரோடு இருக்கும்போது, இனி வரப்போகும் பங்கை எழுதிக் கொடுத்தால் செல்லாது. நினைவில்லாதவரின் கைரேகை பக்கமே போகாதீர்கள். எந்த மணிக்கு எந்த நிலையில் இருந்தார் என்று நர்சின் குறிப்பேடு சொல்லிவிடும்.

அசல் பத்திரம் உங்கள் பீரோவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றே அதைத் தங்கை பார்க்க அம்மா கையில் கொடுங்கள். பிறகு மருத்துவரின் அறையில் மூவரும் உட்காருங்கள். மைத்துனர் வெளியே இருக்கட்டும், உங்கள் மனைவியும்தான்.