சின்னதா மிட்டாய்க்கடை வைக்கிறவங்களுக்கு: கேள்வி பதில்

கோபியில மிட்டாயும் சாக்லேட்டும் விக்கிற சின்னக் கடை எங்களுது. கடலைமிட்டாய், கமர்கட்டு, எள்ளுருண்டை வீட்டுலயே போடறோம். சாக்லேட்டு கொஞ்சம் நாங்களே ஊத்தறோம், மிச்சம் கம்பெனிச் சரக்கு. கடை வச்சிருக்கறவங்களும் வைக்கப்போறவங்களும் கேட்டதுக்குக் கீழ பதில் சொல்லியிருக்கேன்.

தாராபுரத்துலிருந்து: அக்கா, வணக்கமுங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் பத்துக்குப் பத்து கடை ஒண்ணு வாடகைக்குக் கிடைச்சிருக்கு. வெறும் சாக்லேட்டு மட்டும் வச்சா ஓடுமுங்களா?

சாக்லேட்ட மட்டும் நம்பி இறங்காதீங்க தம்பி. சாக்லேட்டுல இருக்கற கொழுப்பு, கோகோ பட்டர்னு சொல்றது, 34 டிகிரி பக்கம் உருகிப்போகும். பங்குனி, சித்திரையில உங்கூருல மத்தியானம் கடைக்குள்ளயே அந்தச் சூடு இருக்கும். அந்த மாசங்கள்ல கடலைமிட்டாய், எள்ளுருண்டை, புளிப்பு மிட்டாய், இஞ்சி மரப்பா இதெல்லாம்தான் கடைய ஓட்டும். ஐப்பசி மழை புடிச்சதும் நேர்மாறு. வெல்லச் சரக்கு நசநசத்துப்போகும், சாக்லேட்டு நல்லாப் போகும். அப்பத்தான் தீபாவளியும் வருது. ரெண்டையும் வச்சாத்தான் ஒண்ணு படுக்கறப்ப இன்னொண்ணு தூக்கும்.

முதல் முழுசையும் சரக்குல போட்டுறாதீங்க. பாதியக் கையில வச்சுக்குங்க. வாரத்துக்கு வேணுங்கறத வாங்கி, வித்ததும் மறுபடி வாங்குங்க. தொடக்கத்துல அலமாரி காலியாத் தெரிஞ்சாலும் பரவாயில்லை. நம்ம தொழில்ல நஷ்டம் வர்றது விக்காததுனால இல்ல, நின்னுபோன சரக்குனாலதான்.

பொள்ளாச்சியிலிருந்து: ஃபிரிட்ஜுலதான் வைக்கிறேனுங்க. அப்படியும் சாக்லேட்டு மேல வெள்ளையாப் பூத்துருது. பூஞ்சை புடிச்சிருச்சுன்னு ஒருத்தர் திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டாரு.

பூஞ்சை இல்லீங்க அது. ஒரு துண்ட எடுத்து வெரல்ல தேய்ச்சுப் பாருங்க. வழவழன்னு கரைஞ்சு மறைஞ்சா கொழுப்பு. சூட்டுல இளகி மறுபடி இறுகறப்ப கோகோ பட்டர் மேல வந்து வெள்ளையாப் படியுது. சொரசொரன்னு மணல் மாதிரி இருந்தா சர்க்கரை. சாக்லேட்டு மேல வேர்த்த தண்ணியில சர்க்கரை கரைஞ்சு, தண்ணி காஞ்ச பொறவு அது மட்டும் நிக்குது. ரெண்டும் தின்னா ஒண்ணும் பண்ணாது, ஆனா பார்வைக்கும் நாக்குக்கும் நல்லா இருக்காது. அதைப் புதுச் சரக்கோட கலந்து வைக்காதீங்க.

உங்களுது ரெண்டாவது வகையாத்தான் இருக்கும். வீட்டு ஃபிரிட்ஜு 4 டிகிரி பக்கம் இருக்கும், சாக்லேட்டுக்கு அது ரொம்பக் குளிர்ச்சி. ஆடிக் காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா ஈரத்தோட உங்கூருக்குள்ள வர்றப்ப, குளிர்ந்த சாக்லேட்ட வெளிய எடுத்தீங்கன்னா உடனே வேர்க்கும். கதவுல கண்ணாடி போட்ட சின்ன கூலர் ஒண்ணு வாங்கி 15லிருந்து 18 டிகிரிக்குள்ள வைங்க. உள்ள ஒரு தெர்மாமீட்டர் தொங்கட்டும். கூலர் மேல காட்டற நம்பர அப்படியே நம்பாதீங்க. ஃபிரிட்ஜுதான் இருக்குதுன்னா, காத்துப்புகாத டப்பாவுல போட்டு வைங்க. வெளிய எடுத்ததும் டப்பாவத் தொறக்காம, கடைச் சூட்டுக்கு வந்த பொறவு தொறங்க. கரண்டு போனாலும் அப்படித்தான், கூலரத் தொறக்காம விடுங்க.

இன்னொண்ணு, சாக்லேட்டு எந்த வாசத்தையும் இழுத்துக்கும். சோப்பு, ஊதுபத்தி, கற்பூரம் பக்கத்துல வைக்கவே கூடாது. சாமி படம் கூலருக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும்.

திருப்பூர்ல இருந்து: வீட்டுலயே சாக்லேட்டு ஊத்தி விக்கலாம்னு இருக்கேன். காம்பவுண்டு வாங்கறதா, நெசச் சாக்லேட்டு வாங்கறதா அக்கா?

மொதல்ல காம்பவுண்டுல கை பழகு கண்ணு. அதுல கோகோ பட்டருக்குப் பதிலா வேற தாவரக் கொழுப்பு இருக்கும். உருக்கி அச்சுல ஊத்தினாப் போதும், இறுகிக்கும், வெயிலும் கொஞ்சம் தாங்கும். ஊட்டியில ஹோம்மேடுன்னு விக்கிறதுலயும் நெறைய காம்பவுண்டுதான். அதுல தப்பில்ல. ஆனா காம்பவுண்டுன்னா காம்பவுண்டுன்னு சொல்லித்தான் விக்கணும், நெசச் சாக்லேட்டு வெல வைக்கக் கூடாது. இதுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன்.

நெசச் சாக்லேட்டுக்கு டெம்பரிங் தெரிஞ்சிருக்கணும், அதாவது பளபளன்னு இறுகறதுக்குச் சூட்ட ஏத்தி எறக்கற பக்குவம். டார்க் சாக்லேட்ட 45லிருந்து 50 டிகிரி வரை உருக்கு. கிளறிக்கிட்டே 27, 28க்கு ஆறவிடு. திரும்ப 31, 32க்குக் கொண்டு வா. மில்க் சாக்லேட்டுன்னா ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு டிகிரி கம்மி. சரியா வந்திருச்சான்னு பாக்க, கத்தி நுனிய முக்கி எடுத்து வை. அஞ்சு நிமிஷத்துல பளபளன்னு இறுகி, தொட்டா வெரல்ல ஒட்டாம இருக்கணும். மங்கலாவோ கோடு கோடாவோ இருந்தா மொதல்லருந்து உருக்கு. ஏசி இல்லாத அறையில இது சரியா வர்றது கஷ்டம். வெயில் காலத்துல விடியக்காத்தால செஞ்சாக்கூட 28க்கு ஆறறது சிரமம்.

ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகக் கூடாது. கரண்டி ஈரமா இருந்தாக்கூட சாக்லேட்டு கட்டிகட்டியாத் திரண்டுக்கும். டபுள் பாயிலிங் பண்றப்ப, அதாவது சுடுதண்ணிப் பாத்திரத்து மேல இன்னொரு பாத்திரம் வச்சு உருக்கறப்ப, ஆவி அடிக்காம மேல் பாத்திரம் அகலமா இருக்கட்டும்.

கரூர்ல இருந்து: நாங்க போடற கடலைமிட்டாய் ரெண்டு நாள்ல பிசுபிசுங்குது. மொறுமொறுன்னு நிக்கறதுக்கு என்ன பண்றதுங்க?

பாகு ஒரு நிமிஷம் முந்தி இறங்குதுங்க அண்ணா. பாகுல ஒரு சொட்டத் தண்ணியில விட்டு, எடுத்துத் தட்டுல போட்டா டங்குன்னு சத்தம் வரணும். ஒடிச்சாப் படக்குன்னு ஒடியணும். இழுத்தா வளையுதுன்னா ஈரம் உள்ளயே இருக்குதுன்னு அர்த்தம். பாகு நல்லாப் பூக்கறதுக்குன்னு எலுமிச்சம்பழம் புழியறவங்க இருக்காங்க. அது வெல்லத்தோட சர்க்கரைய ஒடைச்சு, காத்துல இருக்கற ஈரத்த இன்னும் இழுக்க வைக்கும், வேண்டாம்.

வெல்லம் பாத்து வாங்குங்க. நான் கவுந்தப்பாடியில வாங்கறேன். பழனி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச்சர்க்கரை அங்கிருந்துதான் போகுது. பளிச்சுன்னு மஞ்சளா மின்னறத விட்டுட்டு, கருத்தாப்புல இருக்கறத எடுங்க. கடிச்சுப் பாத்தா உப்புக் கரிக்கக் கூடாது. மொதல்ல தண்ணியில கரைச்சு வடிகட்டிட்டுத்தான் காய்ச்சணும், மண்ணும் தும்பும் போயிரும்.

வெதுவெதுப்பா இருக்கறப்ப வெட்டுங்க, நல்லா ஆறினதும் கட்டுங்க. சூட்டோட டப்பாவுல போட்டா உள்ள வேர்த்துக்கும், ராத்திரி பூராத் தொறந்து வச்சா காத்து ஈரத்த இழுத்துக்கும். ஆறின அந்த மணி நேரத்துலயே கட்டி முடிச்சிருங்க.

ஆனைமலையிலிருந்து: தென்னந்தோப்புல ஊடுபயிரா கோகோ இருக்குது. கொட்டைய அப்படியே விக்கறோம். நாமளே சாக்லேட்டு செய்ய முடியுங்களா?

முடியும், உங்கூருப் பக்கம் செய்யறவங்க இருக்காங்க. ஆனா பொறுமை வேணும். ருசி மொதல்ல பொறக்கறது புளிக்க வைக்கறதுலதான். காய ஒடைச்சு, சதையோட கொட்டைய மரப்பெட்டியில வாழையிலை போட்டு மூடி, அஞ்சாறு நாள் வைக்கணும், நடுவுல புரட்டி விடணும். அதச் சரியாப் பண்ணலைன்னா பின்னாடி எவ்வளவு சர்க்கரை போட்டாலும் துவர்ப்பு போகாது. பொறவு ஈரம் 7 சதவீதத்துக்கு வர்ற வரைக்கும் வெயில்ல காயவைங்க. அப்புறம் வறுத்து, தோலப் புடைச்சு, கல்லுல அரைக்கணும்.

அரைக்கறதுக்கு நம்மளுக்குக் கோயமுத்தூரே இருக்குது. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊரு, சாக்லேட்டு அரைக்கிற கல் மெஷினும் அங்கயே செய்யறாங்க. வீட்டு மாவாட்டற கிரைண்டருல போடாதீங்க. சாக்லேட்டு அரைக்க ஒரு நாளைக்கு மேல நிக்காம ஓடணும், அந்த மோட்டார் தாங்காது.

கொட்டை வெலய நம்பி மட்டும் கணக்குப் போடாதீங்க. உலகத்துக் கோகோவுல பாதிக்கு மேல ஐவரி கோஸ்ட்டுலயும் கானாவுலயும் வெளையுது. அங்க நோயும் மழையும் கெடுத்ததுல 2024 கடைசியில டன்னு 12,000 டாலரத் தாண்டுச்சு, அடுத்த வருஷமே பெரிய எறக்கம்.

சத்தியமங்கலத்துலிருந்து: என்னென்ன காகிதம் வாங்கணுமுங்க அக்கா?

எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட பதிவு, இல்லாட்டி உரிமம், உங்க விற்றுமுதலப் பொறுத்து. அந்த 14 இலக்க நம்பரக் கடையில மாட்டுங்க, நீங்க கட்டற பாக்கெட்டுலயும் போடுங்க. பாக்கெட்டுல சேர்மானம், எடை, விலை, செஞ்ச தேதி, எது வரைக்கும் நல்லாருக்கும், சைவம்னு காட்டற பச்சைப் புள்ளி எல்லாம் வேணும். கடலை, பால் சேத்திருந்தா அத எழுதறத மறந்துறாதீங்க, ஒத்துக்காத குழந்தைகளுக்கு அது உயிர்ப் பிரச்சனை. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போடணும். ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22லிருந்து சாக்லேட்டு, மிட்டாய் ரெண்டுக்கும் 5 சதவீதம்.

அந்தியூர்ல இருந்து: ஆடி மாசம் குருநாதசாமி கோயில் தேருக்குக் கடை போடலாம்னு இருக்கோம். என்ன சரக்கு எடுக்கறது?

சாக்லேட்ட வீட்டுலயே விட்டுட்டுப் போங்க. தேர்க்கடைக்குப் பொரி, கடலை, தேன்மிட்டாய், ஜவ்வுமிட்டாய், கமர்கட்டு. தூசி படாம கண்ணாடி மூடி இருக்கட்டும். கலர் விஷயத்துல கவனம். பஞ்சுமிட்டாயில ரோடமின் பி கண்டுபுடிச்சுத்தான் 2024 பிப்ரவரியில நம்ம அரசாங்கம் தடை போட்டுச்சு. அது துணிக்குப் போடற சாயம். லேபிள் இல்லாத கலர்ப்பொடி எவ்வளவு மலிவாக் கெடைச்சாலும் தொடாதீங்க. மிட்டாய்க்கு பிளாஸ்டிக் குச்சியும் 2022 ஜூலையிலிருந்து கூடாது, மரக்குச்சி, பேப்பர் குச்சி வாங்கிக்குங்க.

உடுமலையிலிருந்து: கடை கடையா கம்பெனிச் சரக்கு போடற லைன் வண்டிக்காரர், சலுகை ஸ்கீம்னு சொல்லி பெட்டி பெட்டியா எறக்கிட்டுப் போறாரு. தேதி முடிஞ்சது தேங்குது.

எறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கேளுங்க. தேதி எப்ப முடியுது? முடிஞ்சா திருப்பி எடுப்பீங்களா? திருப்பி எடுக்கறதா பில்லுல எழுதித் தராட்டி ஸ்கீம் வேண்டாம்னு சொல்லிருங்க. புதுப் பெட்டி வந்தா அதைப் பின்னாடி தள்ளி, பழசு முன்னாடி வரணும். பெட்டி மேல முடியற தேதியப் பெருசா ஸ்கெட்ச்சுல எழுதிருங்க, கடைப்பையனுக்கும் கண்ணுல படும். முடிய ஒரு மாசம் இருக்கறப்பவே கல்லாப்பெட்டி பக்கத்துல தனித்தட்டுல வச்சு, விலையக் கொறைச்சு, ஏன் கொறைச்சிருக்குதுன்னு சொல்லியே வித்துருங்க. தேதி தாண்டினது ஒண்ணு கூட அலமாரியில இருக்கக் கூடாது, அன்னைக்கே எடுத்துத் தனிப் பெட்டியில போட்டு, அடுத்த தடவ வண்டி வர்றப்ப பில்லோட சேத்துக் குடுத்துருங்க.