டாம் எப்போது கிழவரானார்?

அன்புள்ள சார்,

ஒன்பதாவது படிக்கும் மகளுக்காகப் புத்தகத் திருவிழாவில் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ ஆங்கில மறுபதிப்பு ஒன்று வாங்கினேன். பழைய படங்களுடன் என்று அட்டையில் போட்டிருந்தது. உள்ளே பார்த்தால் ஒன்றில் டாம் வாட்டசாட்டமான ஆள், இன்னொன்றில் தலை நரைத்த தாத்தா. குரூக்ஷாங்க் படங்கள் உள்ள பதிப்பு நல்லதா, கெம்பிள் படங்கள் உள்ளதா, படமே இல்லாததா? எப்படியும் இது ஒரு அழுகாச்சி நாவல்தானே. அமெரிக்கப் பண்ணையார் ஷெல்பி தன் கடனுக்காக அடிமை டாமை விற்கிறார், அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு போகிறான். படம் எப்படி இருந்தால் என்ன என்றும் தோன்றுகிறது.

ஆர்., பெருந்துறை

அன்புள்ள ஆர்.,

எழுத்து பெரிதாக இருப்பதை வாங்குங்கள். பொடி எழுத்தில் அவ்வளவு பக்கம் படித்தால் பிள்ளைக்குக் கண்ணாடி போட வேண்டிவரும். குரூக்ஷாங்க் 1852ல் லண்டன் காசெல் பதிப்புக்கு 27 படங்கள் வரைந்தார், கெம்பிள் 40 வருஷம் கழித்து 1892ல் வரைந்தார். இரண்டையும் இணையத்தில் சும்மாவே பார்க்கலாம், அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம்.

அழுகாச்சி நாவல் என்பதை இன்னொரு நாள் பேசுவோம். 1852 மார்ச்சில் பாஸ்டனில் வெளியாகி, ஒரே வருஷத்தில் அமெரிக்காவில் மட்டும் 3 லட்சம் பிரதி போன அழுகாச்சி அது. அழவைப்பது லேசு என்பவர்கள் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் கடிதத்தில் வரும் நரைமுடி. ஒரு மாதமாக அதுதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

டாமுக்கு என்ன வயது? கணக்குப் போட நாவலிலேயே இடமிருக்கிறது. தன்னை விற்றுவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவர் ஷெல்பியிடம் சொல்கிறார்: உங்களை என் கையில் கொடுத்தபோது எனக்கு 8 வயது, உங்களுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. ஆக ஷெல்பியைவிட ஏழெட்டு வயதுதான் மூப்பு. ஷெல்பியின் மகன் ஜார்ஜுக்கு 13 வயது. அப்பாவுக்கு 35, போனால் 40 என்று வையுங்கள். டாமுக்கு 45 பக்கம் வருகிறது. குடிசையில் இரண்டு பையன்கள், அப்புறம் ஒரு கைக்குழந்தை. இவரா தாத்தா?

கணக்கு பிடிக்காதென்றால் கதையையே பாருங்கள். முதலில் வரும் இடத்திலேயே பெரிய உருவம், அகன்ற மார்பு, வலுவான உடல், பளபளக்கும் கறுப்பு என்று நாவலாசிரியர் ஸ்டோவ் அம்மையார் எழுதிவிடுகிறார். நீராவிப் படகிலிருந்து தவறி விழும் வெள்ளைக்காரச் சிறுமி ஈவாவை மிசிசிப்பி ஆற்றில் குதித்துத் தூக்குகிறவர் அவர். ஹேலி என்ற அடிமை வியாபாரி ஈவாவின் அப்பாவிடம் டாமுக்கு 1300 டாலர் விலை சொல்கிறான். உங்கள் பக்கத்தில் மாட்டுச் சந்தை பார்த்திருப்பீர்கள், பல் பிடித்துப் பார்க்காமல் யாராவது காசை எடுக்கிறார்களா? பின்னால் நியூ ஆர்லியன்ஸ் ஏலத்தில் லெக்ரீ என்ற பருத்தித் தோட்டக்காரன் அதைத்தான் செய்கிறான். டாமின் தாடையை இழுத்துப் பல்லைப் பார்க்கிறான், சட்டைக் கையை ஏற்றிவிட்டுப் புஜத்தைப் பார்க்கிறான், குதித்துக் காட்டச் சொல்கிறான். பருத்திக் காட்டு வேலைக்கு ஆள் பிடிப்பவன் தள்ளாத கிழவரை விலைக்கு எடுப்பானா?

அப்படியிருக்க, அந்த முடியை நரைக்க வைத்தது யார்? முதல் பதிப்புக்கு ஹேமட் பில்லிங்ஸ் ஆறு படங்கள் வரைந்தார். ஏரிக்கரைக் கொடிப்பந்தலில் டாமும் ஈவாவும் பைபிளோடு உட்கார்ந்திருக்கும் படம் அதில் ஒன்று. விற்பனையைப் பார்த்ததும் அதே வருஷக் கடைசியில் அவரே நூற்றுக்கு மேல் படம் போட்ட பெரிய பதிப்பு வந்தது. டங்கன்சன் என்ற கறுப்பின ஓவியர் 1853ல் டாமையும் ஈவாவையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார், அது இப்போது டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு பக்கம் நாவல் 1852லேயே மேடையேறிவிட்டது, முகத்தில் கரி பூசிய வெள்ளைக்காரர்கள் டாமாக நடித்தார்கள். 1893ல் காப்புரிமை தீர்ந்ததும் கண்டவர்களும் அச்சடித்தார்கள். மேடையும் மலிவுப் பதிப்பும் மாறி மாறி அந்த மனிதரின் தலையை வெளுத்து முதுகை வளைத்துவிட்டன.

காரணம் எனக்குப் புரிகிறமாதிரிதான் இருக்கிறது. 45 வயதில் திடகாத்திரமான கறுப்பு மனிதர் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படத்தைத் தன் வீட்டுக் கூடத்தில் வைக்க அன்றைய வெள்ளைக்காரருக்கு நெஞ்சு படபடத்திருக்கும். நரைத்த தலையென்றால் பயமில்லை, யாரோ தாத்தா, பாவம். புத்தகத்தைத் திறந்தே பார்க்காதவர்கள் அந்தத் தாத்தாவை வைத்துத்தான் ‘அங்கிள் டாம்’ என்பதை வசவாக்கினார்கள். நீங்கள் திறந்து பார்த்தவர், நீங்களும் அதையே சொன்னால் எப்படி? எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறானா? ஒரு பெண்ணைச் சவுக்கால் அடி என்று லெக்ரீ சொன்னபோது முடியாது என்றவர் யார்? லெக்ரீயின் அடிமைப் பெண்கள் காஸியும் எம்மலினும் ஒளிந்திருக்கும் இடத்தைச் சொல்லாமல் அடிபட்டே செத்தவர் யார்? கடைசி அத்தியாயங்களைப் புரட்டிவிட்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் ஷெல்பி ‘விற்கிறார்’, டாம் ‘போகிறான்’. தெரியாமல்தான் எழுதியிருப்பீர்கள், கை தானாகவே எழுதிவிடும். அமெரிக்கத் தெற்கில் வயதான கறுப்பரை மிஸ்டர் என்று சொல்ல வெள்ளைக்காரருக்கு வாய் வராது, அதற்குப் பதிலாக வைத்துக்கொண்டதுதான் அங்கிள். அதை ‘மாமா’ என்று தமிழில் சொன்னதும் நமக்கு ஏதோ சொந்தம்போல இனிக்கிறது. பண்ணையில் வேலை செய்த நரைத்த தலைக்காரரைப் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லி வாடா என்றதைப் பார்த்து வளர்ந்த ஊர்தானே நம்முடையது? நானும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன்.

சரி, ஒரு மாதமாக இது ஏன் ஓடுகிறது என்று சொல்லவில்லை. வெள்ளையடிக்கப் புத்தக அலமாரியைக் காலிசெய்தபோது, ஏழாவதில் கட்டுரைப் போட்டிக்குப் பரிசாகக் கிடைத்த சுருக்கப் பதிப்பு அகப்பட்டது. அட்டையில் பஞ்சுத் தலையோடு ஒரு தாத்தா, மடியில் ஒரு பெண்குழந்தை. அந்தப் பஞ்சின்மேல் கறுப்புப் பென்சிலால் அழுத்தி அழுத்தித் தேய்த்திருக்கும். என்னைவிட இரண்டு வயது மூத்த அக்காவின் வேலை. ஒரே சாயங்காலத்தில் படித்து முடித்துவிட்டு, “இவருக்குக் கைக்குழந்தை இருக்குடா, இப்படியா இருப்பாரு?” என்று கேட்டுக்கொண்டே தேய்த்தாள். பரிசுப் புத்தகம் போச்சே என்று நான் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். நல்ல அடி. அக்கா அழவில்லை, பென்சிலையும் கொடுக்கவில்லை.

போன வாரம் போனில் அவளிடம் சொன்னேன். அடி வாங்கியது நினைவில்லையாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்தக் கைக்குழந்தைக்கு அப்புறம் என்னடா ஆச்சு? அந்தப் புத்தகத்துல வரவேயில்லையே” என்றாள்.

முழு நாவலில் வருகிறது. ஷெல்பியின் மகன் டாமை மீட்டுக்கொண்டு வரப் போயிருக்கிறான், டாமின் மனைவி குளோயி வீட்டில் காத்திருக்கிறாள். அந்தக் கைக்குழந்தை போலி (Polly) பெரிய பெண்ணாகிவிட்டாள், அவருக்கு அடையாளமே தெரியாது என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டு மேசையைத் தயார்செய்கிறாள். அதைச் சொன்னேன். அக்கா, சரிடா, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள்.